ஆயர் இல்லாத நாட்களின் வெள்ளி

அந்த மனிதர் வெகுநேரமாகக் கண்ணாடி மேசையின் முன் குனிந்தபடியே நின்றார். ஏலம் சனிக்கிழமை. அதற்கு முன்னதாக வியாழக்கிழமை, வாங்க நினைப்பவர்கள் வந்து நாணயங்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கொலோனில் ஃபென்னேகர் ஏல நிலையத்தின் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உருப்பெருக்கிக் கண்ணாடிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று அங்கே பொறுப்பாக நின்றவள் லவினியா. மன்னாரில் பிறந்தவள், நான்கு வயதில் பெற்றோரோடு அகதியாக ஹம் நகருக்கு வந்து, வளர்ந்தபின் மூன்ஸ்டரில் வரலாறு படித்தவள். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு நாணயத்துக்கும் விளக்கக் குறிப்பு எழுதுவது அவள் வேலை.

அந்த மனிதர் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

“லவினியா ஜேசுரட்ணம்... நீங்க தமிழா மேடம்?”

“ஓம். சொல்லுங்கோ.”

“என் பேர் சேதுராமன். டார்ம்ஸ்டாட் யூனிவர்சிட்டில மெட்டல்ஸ் லேப்ல இருக்கேன். இந்த காயினை வெளிய எடுக்க முடியுமா? கொஞ்சம் சத்தம் போடாம பாருங்க.”

அவள் தட்டை வெளியே எடுத்து வைத்தாள். அவர் தம் கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தார். உள்ளே அதே நாணயம். 1719ஆம் ஆண்டு, மூன்ஸ்டர் பேராலயக் குருக்கள் குழு அடித்த வெள்ளித் தாலர். வாளேந்திய புனித பவுல், சுற்றிலும் இலத்தீன் எழுத்துகள்.

ஒரே அச்சில் பல நாணயங்கள் அடித்திருப்பார்கள். இரண்டு ஒன்றுபோல இருப்பதில் அதிசயமில்லை. ஆனால் அவர் நகம் காட்டிய இடத்தில், பவுலின் வாள்முனையில் தொடங்கிக் காதுவரை, மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. இரண்டிலும் ஓடியது. ஒரே இடத்தில், ஒரே வளைவோடு.

லவினியா உருப்பெருக்கியை எடுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நாணயம் அச்சை விட்டு வந்தபிறகு யாருடைய பையிலோ பெட்டியிலோ உரசி விழுந்த கீறல் அது. அப்படிப்பட்ட கீறல் இரண்டு நாணயங்களில் விழாது. இரண்டில் ஒன்று மற்றதிலிருந்து அச்செடுத்துச் செய்யப்பட்டது.

“இதை எங்க வாங்கினனீங்கள்?”

“இங்கதான். மூணு வருஷம் முன்னாடி. மிஸ்டர் ஃபென்னேகர் தன் கையாலேயே குடுத்தார்.”

ஃபென்னேகர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலைப்பொழுது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. நிலையம் அவருடைய தங்கை குட்ரூனிடம் வந்தது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். நாணயம் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஏலத்தை எப்படியாவது நடத்தி முடித்துவிட வேண்டுமென்ற அவசரம் மட்டும் இருந்தது. அண்ணனின் இரும்புப் பெட்டகத்தைத் திறந்து, அதில் தனியே இருந்த நாணயங்களில் ஒன்றையும் ஏலத்தில் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். அந்த ஒன்றுதான் இந்தத் தாலர்.

இதைச் சேதுராமனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள். அவர் முகம் இறுகியது.

“அப்போ எனக்கு டூப்ளிகேட்டைக் குடுத்துட்டு ஒரிஜினலை அவர் வச்சிக்கிட்டாரா? இல்ல, எனக்கு ஒரிஜினலைக் குடுத்துட்டு டூப்ளிகேட்டை ஞாபகத்துக்கு வச்சிருந்தாரா?”

“பார்த்துச் சொல்லேலாது. இவ்வளவு நல்லாச் செய்தால் பார்வைக்குப் பிடிபடாது.”

“என் லேப்ல எக்ஸ்-ரே மெஷின் இருக்கு. காயினுக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு நிமிஷம் போதும். நாளைக்குக் காலைல வாங்க. இங்க யார்கிட்டயாவது குடுத்தா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.”

நிலையத்திலிருந்து ஒரு நாணயம் வெளியே போவதென்றால் தலைவரின் அனுமதி வேண்டும். தலைவர் நாற்காலியில் யாரும் இல்லை. குட்ரூன் மூன்ஸ்டரில் வழக்கறிஞரோடு இருந்தார். லவினியா அழைத்தபோதெல்லாம் தொலைபேசியை எடுக்கவில்லை. நடந்ததை விவரமாகக் குரல்செய்தியில் சொல்லி வைத்தாள். மறுநாள் காலை வரை பதில் வரவில்லை. ஏலம் கூறப்போகும் கிறிங்ஸ் என்ற முதியவரிடம், “இதை நான் என் பொறுப்பில் எடுத்துப் போகிறேன், மாலைக்குள் கொண்டுவருவேன்” என்று சொல்லிவிட்டு நாணயத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். கிறிங்ஸ் தலையசைத்தாரே தவிர, சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கொலோன் ரயில் நிலையத்தில் சேதுராமன் காத்திருந்தார். முந்தைய இரவு அங்கேயே ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார். ஃபிராங்பேர்ட் போகும் விரைவு ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவரும் கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

“ஏன் இந்தக் காசைத் தேடி வாங்கினனீங்கள்?” என்று அவள்தான் கேட்டாள்.

“அதுல சேடே வகாண்டேன்னு எழுதியிருக்கு இல்ல, அதுக்காகத்தான். ஆசனம் காலின்னு அர்த்தம்னு மிஸ்டர் ஃபென்னேகர் சொன்னார். ராஜா முகம் இல்லாத காயின். ராஜாவே இல்லாதப்போ யார் தைரியமா காயின் அடிச்சாங்கன்னு தோணுச்சு.”

“ஆயர், பிஷப், அவர்தான் அங்க ராசாவும். அவர் செத்து, அடுத்த ஆயரைத் தெரியுமட்டும் நாட்டை யாரோ பாக்கோணும்தானே. பேராலயக் குருமார் பாத்தினம். தங்கட பேரிலயே காசும் அடிச்சினம். ‘இப்ப நாங்கள்தான் பொறுப்பு’ எண்டு சனத்துக்குத் தெரியோணும். 1719ல இன்னொரு கூத்து. குருமார் கூடி ஒரு இளவரசரைத் தெரிவு செய்தினம். அவர் ரோமாபுரியில செத்து ஒன்பது நாள். சேதி இன்னும் வந்து சேரேல்லை.”

“செத்தவரையா எலெக்ட் பண்ணாங்க?”

“ஓம். சேதி வந்தாப்பிறகு திரும்பக் கூடி அவற்ற தம்பியைத் தெரிவு செய்தினம்.”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அப்போது லவினியாவின் தொலைபேசி அடித்தது. குட்ரூன்.

“நாணயம் எங்கே?”

“என்னிடம் இருக்கிறது, அம்மா. நேற்று உங்களுக்கு விவரமாக—”

“என் அண்ணன் ஒரு மோசடிக்காரர் என்று குரல்செய்தியில் பதிந்து வைத்திருக்கிறீர்கள். கேட்டேன். உடனே இறங்கித் திரும்பி வாருங்கள். இல்லாவிட்டால் நான் காவல்துறையிடம்—”

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இணைப்பு அறுந்தது. வெளியே வெளிச்சம் வந்தபோது மறுபடி அடித்தது. அவள் எடுத்து “ஹலோ” என்பதற்குள் அடுத்த சுரங்கம். அந்தப் பாதை முழுக்க மலையைக் குடைந்த பாதை. மூன்று முறை முயன்றும் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை. நான்காவது முறை குட்ரூன் எடுக்கவில்லை.

ஃபிராங்பேர்ட்டில் இறங்கி டார்ம்ஸ்டாட் ரயிலுக்கு நடந்தபோது அப்பா அழைத்தார். ஜேசுரட்ணம் ஹம்மில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். லவினியா இன்னும் அவருடைய வீட்டு விலாசத்தில்தான் பதிந்திருந்தாள்.

“பிள்ளை, நீ எங்க நிக்கிறாய்?”

“ஃபிராங்பேர்ட்டில அப்பா. என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“வாசலில ரெண்டு பொலிஸ் நிக்குது. உன்னைக் கேக்கினம். ஏதோ வெள்ளிக் காசாம், களவாம். அம்மா குசினிக்குள்ள இருந்து அழுறா. நான் என்னத்தைச் சொல்ல?”

அவள் நடைபாதையின் நடுவே நின்றுவிட்டாள். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். கொழும்பில் அப்பாவைப் பொலிஸ் கூட்டிப்போன ஒரு இரவைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை; ஆனால் பொலிஸ் என்ற சொல்லை அப்பா சொல்லும்போது இன்றும் குரல் இறங்கும்.

“அப்பா, நான் களவெடுக்கேல்லை. காசு என்னட்டை இருக்கு. இண்டைக்குப் பின்னேரம் கொலோனுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ. போனை அவையிட்டைக் குடுங்கோ, நானே கதைக்கிறன்.”

காவலர் மரியாதையாகத்தான் பேசினார். புகார் பதிவாகியிருக்கிறது, நாணயத்தோடு இன்றே உரிமையாளரிடம் போகும்படி சொன்னார். அவள் எங்கே போகிறாள் என்று கேட்டார். சொன்னாள். “நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதே திரும்பிவிடுவேன்” என்றார்.

சேதுராமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். “மேடம், ரிஸ்க் எடுக்காதீங்க. திரும்பிப் போயிடலாம்” என்றார்.

“இப்ப திரும்பினால் நான் கள்ளி, கையில ஒண்டும் இல்லை. செக் பண்ணிப்போட்டுத் திரும்பினால் கள்ளியெண்டாலும் உண்மை கையில இருக்கும். நடவுங்கோ.”

ஆய்வுகூடம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சேதுராமன் முதலில் அவள் கொண்டுவந்த நாணயத்தை இயந்திரத்தின் அடியில் வைத்தார். திரையில் மலைத்தொடர் மாதிரிக் கோடுகள் எழுந்தன. அவர் விரலால் காட்டினார்.

“இது சில்வர், இது காப்பர். இங்க பாருங்க, குட்டியா. லெட், அதாவது ஈயம். அதுக்குப் பக்கத்துல தங்கம், துளியூண்டு. அந்தக் காலத்துல வெள்ளியை முழுசா சுத்தம் பண்ணத் தெரியாது. அழுக்கு இருக்கணும். இருக்கு.”

பிறகு தம்முடையதை வைத்தார். கோடுகள் எழுந்தன. வெள்ளி. செம்பு. அதற்கப்பால் சமவெளி; ஈயமும் இல்லை, தங்கமும் இல்லை.

அவர் இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார். சமவெளிதான். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். லவினியாவுக்கோ வேலை கேட்டு வந்த நாள் நினைவுக்கு வந்தது. கொலோனில் வேறு எந்த நிலையமும் அவளுடைய பெயரைப் பார்த்து நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடாதபோது, ஒரு தேநீரைக் கையில் கொடுத்து, “திங்கட்கிழமை வாருங்கள்” என்றவர் ஃபென்னேகர்.

சேதுராமன் எழுந்தார். இரண்டு நாணயங்களையும் எடுத்து ஒரே உள்ளங்கையில் வைத்து மூடினார். பெட்டிகள் மேசையில் திறந்தபடி கிடந்தன.

“மேடம், ஒண்ணு கேக்கறேன். நீங்க ஒரு காயினோட வந்தீங்க, ஒரு காயினோட போவீங்க. எது எதுன்னு இந்த மெஷினைத் தவிர யாருக்கும் தெரியாது. என் காயினை நான் எடுத்துக்கறேன்.”

அவர் சொன்னது அவளுக்கு விளங்கியது. அவர் கையைத் திறந்து எதைக் கொடுத்தாலும், அது எது என்று அவளுக்குத் தெரியாது. இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கதவு மூடியிருந்தது. அவளைக் களவுக்குத் தேடும் காவலர்கள் அவளை நம்பப்போவதில்லை.

“அது உங்கட காசுதான் எண்டு எனக்குத் தெரியும்,” என்றாள். “ஆனா நான் இப்பிடிக் குடுத்தா அது களவு.”

“களவு பண்ணது உங்க பாஸ்!”

“ஓம். அவர்தான். அதை நான் உரத்துச் சொல்லப்போறன். நீங்கள் மாத்தி எடுத்தால் நான் என்னத்தைச் சொல்லுறது? நாளைக்கு ஏலத்தில வேற ஒருத்தன் கள்ளக் காசோட வீட்டை போவான். நீங்கள் மூண்டு வருசம் வைச்சிருந்த மாதிரி அவனும் வைச்சிருப்பான்.”

அவர் கை மூடியே இருந்தது. வெளியே நடையில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

“எதெண்டாலும் தாங்கோ. நான் பாக்கமாட்டன்,” என்று அவள் கையை நீட்டினாள். “ஆனா நாளைக்கு நீங்களும் கொலோனுக்கு வாங்கோ. எல்லாருக்கும் முன்னால சொல்லேக்க நீங்கள் பக்கத்தில நிக்கோணும்.”

அவர் நீண்ட நேரம் அவளுடைய நீட்டிய கையையே பார்த்தார். பிறகு திரும்பி, ஒரு நாணயத்தை இயந்திரத்தின் அடியில் மறுபடி வைத்தார். மலைத்தொடர் எழுந்தது, ஈயம், துளித் தங்கம். அதை எடுத்து அவள் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“இதுதான் உங்களோடது. அதாவது... உங்க ஆபீஸோடது,” என்றார்.

மாலை கொலோனில் லவினியா மட்டும் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது குட்ரூனோடு ஒரு பெண் காவலரும் இருந்தார். நாணயம் மேசைக்கு வந்தது. சோதனையின் முடிவை லவினியா ஒரு சொல் விடாமல் சொன்னாள். குட்ரூன் கடைசிவரை கேட்டார்.

“அப்படியானால் எங்களுடையது உண்மையான நாணயம்,” என்றார். “நல்லது. உண்மையான நாணயத்தை விற்பதில் என்ன தவறு? அந்த ஐயாவிடம் இருப்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என் அண்ணன் இறந்துவிட்டார், பதில் சொல்ல மாட்டார். நாளை ஏலம் நடக்கும். நீங்கள் இனி வர வேண்டாம்.”

நாணயம் திரும்பி வந்ததை மட்டும் காவலர் குறித்துக்கொண்டு போனார். புகாரைத் திரும்பப் பெறுவதாகக் குட்ரூன் சொல்லவில்லை.

மறுநாள் ஏலக் கூடத்தில் லவினியா பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஏலத்துக்குப் பொதுமக்கள் யாரும் வரலாம். வராதே என்று யாரும் தடுக்க முடியாது. ஒரு பக்கம் சேதுராமன். மறுபக்கம், சொல்லாமல் கொள்ளாமல் ஹம்மிலிருந்து முதல் ரயிலில் வந்த அப்பா, ஞாயிறு பூசைக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு.

“நீங்கள் ஏன் அப்பா வந்தனீங்கள்?”

“பொலிஸ் வந்தால் நானும் கூட வாறன். தனிய விடேலாது.”

கிறிங்ஸ் சுத்தியலைத் தட்டித் தட்டி விற்றுக்கொண்டே வந்தார். மூன்ஸ்டர் தாலரின் முறை வந்தது. அதன் படம் திரையில் விரிந்தது. வாள்முனையிலிருந்து காதுவரை அந்தக் கீறல் கைநீளத்துக்குத் தெரிந்தது. அறையில் இரண்டு மூன்று கைகள் எழுந்தன. லவினியா முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். எழுந்து நின்றாள்.

“இந்த நாணயம் மூன்று வருடத்துக்கு முன்பே விற்கப்பட்டுவிட்டது,” என்று ஜேர்மன் மொழியில் சொன்னாள். “வாங்கியவர் இவர். இவருக்கு இதன் நகலைக் கொடுத்துவிட்டு ஃபென்னேகர் இதைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டார். நேற்று ஆய்வுகூடத்தில் என் கண்ணால் பார்த்தேன்.”

கூடம் திரும்பியது. முன்வரிசையில் குட்ரூனின் முதுகு விறைத்தது.

“லவினியா,” என்றார் கிறிங்ஸ், மெதுவாக. “நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்?”

“யார் சார்பிலும் இல்லை. இந்த நாணயத்துக்குக் குறிப்பு எழுதியது நான். என் பெயரில்தான் பேசுகிறேன்.”

சேதுராமனும் எழுந்து தம் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். எழுந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு இடப்பக்கச் சுவரோரம் ஒரு முதியவர் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

“நான் பாடர்போர்னிலிருந்து வருகிறேன்,” என்றார். “என் நாணயமும் ஃபென்னேகரின் கையாலேயே விற்கப்பட்டது. என்னுடையது என்ன?”

சலசலப்பு அறை முழுக்கப் பரவியது. கிறிங்ஸ் சுத்தியலை மேசையில் படுக்க வைத்துவிட்டு, நாணயம் ஏலத்திலிருந்து விலக்கப்படுவதாகச் சொன்னார். குட்ரூன் எழுந்து, யாரையும் பாராமல் அலுவலகத்துக்குள் போனார்.

கூடம் காலியான பிறகு அவர் லவினியாவை உள்ளே அழைத்தார். அண்ணனின் நாற்காலியில் உட்காராமல் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“இதை நீங்கள் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்.”

“நேற்றுச் சொன்னேன், அம்மா.”

பிறகு குட்ரூன் சொன்னார்: “சின்ன வயதில் என் பிறந்தநாளுக்கு அண்ணன் ஒரு மரக்குதிரை தந்தார். இரண்டு நாளில் காணோம். அவருடைய கட்டிலுக்கு அடியில் இருந்தது. கேட்டதற்கு, ‘கொடுக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை’ என்று அழுதார். பத்து வயதுப் பையன். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.” அவர் பெட்டகத்தைப் பார்த்தார். “அதற்குள் இன்னும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்?”

“தெரியவில்லை. வாங்கியவர்களைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.”

“அப்படியானால் இந்த நிலையம் முடிந்தது.”

“ஆம்,” என்றாள் லவினியா. பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

குட்ரூன் தலையசைத்தார். புகாரைத் திங்கட்கிழமையே திரும்பப் பெற்றார். ஃபென்னேகர் தம் கையாலேயே விற்ற நாணயங்களை வைத்திருப்போர் தொடர்புகொள்ளலாம் என்று அறிவித்தார். வழக்கறிஞர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. கோடை முழுக்க ஆட்கள் வந்தார்கள். குட்ரூன் கேட்டுக்கொண்டபடி லவினியா வாரத்துக்கொரு முறை அவர்களுடைய நாணயங்களோடு டார்ம்ஸ்டாட் போனாள். மதிய இடைவேளையில் சேதுராமன் இயந்திரத்தை இயக்கினார். நகல் என்று தெரிந்தால், அதன் உண்மை வடிவம் பெட்டகத்திலிருந்து உரியவரிடம் போனது. முதலில் போனது சேதுராமனின் தாலர். அதை வாங்கிய அவர் குட்ரூனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

இலையுதிர் காலத்தில் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். கிறிங்ஸ் ஓய்வுபெற்றார். லவினியா வேலையில்லாமல் ஹம்முக்கே போய்ச் சேர்ந்தாள். கொலோனின் ஏல நிலையங்கள் எதுவும் அவளைக் கூப்பிடவில்லை. ஏலத்தின் நடுவில் எழுந்து நிற்கும் ஒருத்தியை வேலைக்கு வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் சோதிக்க வேண்டிய கடைசி நாணயம் மிச்சமிருந்தது. பாடர்போர்ன் முதியவர் அதை யாரிடமும் கொடுத்தனுப்ப மறுத்துவிட்டார். தாமே டார்ம்ஸ்டாட்டுக்கு வந்தார், தடியை ஊன்றிக்கொண்டு, நவம்பர் மழையில். குட்ரூனும் வந்திருந்தார், ஏன் என்று லவினியா கேட்கவில்லை.

முதியவர் மடித்த கைக்குட்டையிலிருந்து நாணயத்தை எடுத்தார். அவருடைய மனைவி இறப்பதற்கு முன் அவருக்கு வாங்கிக் கொடுத்த கடைசிப் பரிசாம். சேதுராமன் அதை இயந்திரத்தின் அடியில் வைத்தார். நாலு பேரும் திரையைப் பார்த்தார்கள். வெள்ளி எழுந்தது. செம்பு எழுந்தது. பக்கத்தில் குட்ரூனின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

ஈயம் எழுந்தது. அதை ஒட்டி, துளியூண்டு, தங்கம்.

“இது அசல்,” என்றாள் லவினியா ஜேர்மன் மொழியில். “உங்களுடையது அசல், ஐயா.”

முதியவர் நம்பவில்லை. திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தடியைச் சுவரில் சாத்திவிட்டு, அங்கிருந்த ஒரேயொரு நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னொரு தரம் காட்டுங்கள்” என்றார்.